வெறும் வயிற்றில் வரவும்

என் மாமியாருக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கவில்லை என்றால் யாரோ ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சந்தேகப்பட ஆள் இரண்டே பேர். ஒருவர் அவர் பெற்ற பிள்ளை, இன்னொருத்தி நான். யாரை முதலில் விசாரிப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை.

எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்ககிட்ட குறைன்னு ஒண்ணும் தெரியல. அவரையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றார். 'ஒண்ணும் தெரியல' என்றதை 'இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்று மாமியார் எடுத்துக்கொண்டார்.

"அவனுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார் அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "நல்லா இருக்கான்னு டாக்டர் வாயாலயே வரட்டும். வந்துட்டா நீ கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்ல போய் இரும்மா. அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்ல."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. என் புருஷனின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் எண் நன்றாக வந்தால் நான் பெட்டியைக் கட்ட வேண்டும். மோசமாக வந்தால் இருக்கலாம், ஆனால் குழந்தை இருக்காது. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் விழித்தேன். அந்த மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

அவருக்கு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. கேட்பவர்கள் வாயில் எச்சில் ஊறும், "கொடுத்து வெச்சவருங்க" என்பார்கள். அடுப்பிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும். கடிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே சூடு ஏறிவிட்டதா, மாவில் ஈரம் நின்றுவிட்டதா என்று சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் மேலதிகாரிகள் அவர் பேச்சைத் தட்டுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் பிஸ்கட் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. விருந்தாளி யாராவது ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டால் இவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அவ்வளவு வெறுப்பு.

முதல் பரிசோதனைக்கு அதிகாலை ஷிஃப்டை முடித்துவிட்டு அப்படியே போனார். எண் குறைவாக வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர்."

"ஒண்ணுமேவா?"

"இல்ல டாக்டர். வேலைதான் பாத்தேன்."

அந்த வேலையில் உப்பு பிஸ்கட், கிரீம் பிஸ்கட், இஞ்சி பிஸ்கட், புதிதாக வந்த தேங்காய் பிஸ்கட் எல்லாம் அடக்கம் என்பது விசாரணையில் தெரியவந்தது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உள்ள ஏதாவது போயிட்டா குடல் சும்மா இருக்காதுங்க. அதுவும் ஹார்மோன் விடும். சாப்பிட்டதும், சர்க்கரை ஏறினதும், டெஸ்டோஸ்டிரோன், அதான் ஆம்பளை ஹார்மோன், கொஞ்ச நேரத்துக்கு இறங்கிடும். கால் பங்குகூட குறையும். அப்புறம் தானா ஏறிடும். அதனால இந்த நம்பரை நம்ப முடியாது. வெறும் வயித்துல வாங்க, மறுபடி எடுப்போம்."

நம்ப முடியாது என்று டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? வீட்டில் 'குறைவு' என்ற ஒரு சொல்தான் வந்து சேர்ந்தது. மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுக்க அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அவரே காபி போட்டு என் கையில் கொடுத்தார். அதில் சர்க்கரைகூட சரியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் நின்று, நான் காபி குடிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் சோகத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு மாமனார் பொறுப்பேற்றார். அவர் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க லாரியைக் காலியாக எடை போட்டு, சரக்கோடு எடை போட்டு, வித்தியாசத்தைக் கழித்தவர். உலகத்தில் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். சாப்பாட்டுக்கு முன்னால் தன்னையே எடை போட்டுக்கொள்வார், சாப்பிட்ட பிறகு ஒரு தடவை போட்டுப் பார்த்து, "இன்னிக்கு அம்மா கை தாராளம்" என்பார்.

"காலி வண்டியா வரணும்னு டாக்டர் சொல்றாங்க. அவ்வளவுதானே? விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு ராத்திரி பட்டினி கிடந்தால் எண் நன்றாக வரும் என்றால், மூன்று நாள் கிடந்தால் எப்படி வரும்! இதுதான் அவர் மூளையில் உதித்தது. மகனுக்குத் தண்ணீர் மட்டும்தான். கம்பெனிக்கு லீவு போட வைத்தார். சமையலறைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டார். வாசனை பட்டால்கூட வயிறு வேலையைத் தொடங்கிவிடும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து, எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "தயவுசெஞ்சு மூணு நாளைக்கு வெங்காயம் வதக்காதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொல்லித் தொலைத்தார். அதுதான் வினையாகப் போயிற்று. சாப்பிட்டால் ஆண்மை இறங்குகிறதாம் என்ற செய்தி கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு லிஃப்டை விட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை எங்கள் கட்டடத்தில் ஒரு ஆம்பளையும் வாயில் எதையும் வைக்கவில்லை. கேட்டால் "உடம்பு ஏறிப்போச்சு, குறைக்கலாம்னு" என்று மென்று முழுங்கினார்கள். லிஃப்டுக்குள் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, வயிறுகள் மட்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டன. குடியிருப்புச் சங்கத் தலைவர் மீட்டிங்கில் மயங்கி விழுந்தார். பெண்களுக்குத்தான் கொண்டாட்டம். காலையில் அடுப்பைப் பற்ற வைக்காமல் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

நான்காம் நாள் காலை என் வீட்டுக்காரரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி லேபுக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுக்கும் பெண் நரம்பைத் தேடித் தேடிக் களைத்துவிட்டாள். எண் வந்தது. முன்னதைவிடவும் குறைவு.

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை கோபமே வந்துவிட்டது.

"வெறும் வயித்துல வாங்கன்னா ராத்திரி சாப்பிட்டுட்டு காலையில சாப்பிடாம வாங்கன்னு அர்த்தம். மூணு நாள் பட்டினி போடச் சொன்னேனா? வயிறு காலியா இருந்தா அங்கேருந்து கிரெலின்னு ஒரு ஹார்மோன் கிளம்பும். பசிக்குதுன்னு மூளைக்குப் போய்ச் சொல்றது அதுதான். சொல்லிட்டு சும்மா திரும்பி வராது. இங்க சோத்துக்கே வழியில்ல, இப்போ புள்ளகுட்டிக்கு என்ன அவசரம்னும் போட்டுக் குடுத்துடும். நாள் கணக்கா பட்டினின்னா கேக்கவே வேண்டாம். மூளையிலேருந்து கீழ போற உத்தரவு குறைஞ்சுடும். உத்தரவு குறைஞ்சா நம்பரும் குறையும்."

மாமனார் விரல் விட்டு எண்ணினார். "அப்போ சாப்பிட்டாலும் குறையும், சாப்பிடாட்டியும் குறையும்?"

"ஆமா சார்."

"எப்போதான் கூடும்?"

"ராத்திரி நல்லா சாப்பிடட்டும். நல்லா தூங்கட்டும். காலையில எழுந்து அப்படியே வரட்டும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம்."

எங்கள் வீட்டில் எதையும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை.

பட்டினியும் ஆகாது என்ற செய்தி அன்றைக்கே கட்டடத்துக்குள் பரவியது. ஆண்கள் அவசர அவசரமாக வாயை அசைக்க ஆரம்பித்தார்கள். அதிகமாகவும் போகக் கூடாது, குறைவாகவும் போகக் கூடாது என்பதால் ஒவ்வொரு பால்கனியிலும் ஒருவர் நின்று ஒரு துண்டு ரொட்டியை மணிக்கணக்கில் கடித்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் ஜிம் வைத்திருப்பவர் மட்டும் இதில் ஒரு வியாபாரத்தைப் பார்த்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவு அளவுக்கு அகலமான மனிதர், சோபாவில் உட்கார்ந்ததும் சோபா முனகியது.

"எதுக்கு சார் இந்தப் பாடு? நம்பர்தானே வேணும்? என்கிட்ட அந்த ஹார்மோன் ஊசியே இருக்கு. வாராவாரம் ஒண்ணு போட்டுக்கிட்டா நம்பர் சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்."

மாமனார் கண்கள் மின்னின. எண்ணைக் கூட்டுவதற்கு இவ்வளவு எளிய வழி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு பரிசோதனை, அதிலும் குறைவு என்று வந்துவிட்டால் ஊசி என்று முடிவானது. என் வீட்டுக்காரர் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்தியே விட்டார்.

"ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்கம்மா. சரக்கு வெளியிலேருந்து தாராளமா வருதுன்னு தெரிஞ்சா மூளை உள்ள உத்தரவு போடறதையே நிறுத்திடும். ரத்தத்துல நம்பர் அழகா இருக்கும், ஆனா விந்தணு உற்பத்தி படுத்துடும். குழந்தை வேணும்னு இருக்கறவங்க தொடவே கூடாது."

மாமனாரிடம் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லலாம் என்றால் வீட்டில் தனிமை ஏது? மாமனார் அவரை விட்டு நகரவே இல்லை. பரிசோதனைக்கு முந்தின ராத்திரி மகன் வயிறாரச் சாப்பிட்டதையும், படுத்ததையும், குறட்டை விட்டதையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உறுதி செய்துகொண்டார். காலையில் பல் தேய்த்ததும் எடை போட்டார். எடைக்கருவியைத் துணிப்பையில் வைத்து லேபுக்கும் எடுத்துக்கொண்டார். நடுவில் சரக்கு ஏற்றினால் தெரிந்துவிடும் இல்லையா!

லேப் வாசலில் ஆட்டோவிலிருந்து நானும் மாமியாரும் மாமனாரும் இறங்கினோம். ஆட்டோவில் மூவருக்குத்தான் இடம் என்பதால் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, நிறுத்திவிட்டு வருவதாகக் கட்டடத்துக்குப் பின்பக்கம் போனார். போனவர் வரவில்லை. ஊசி விஷயத்தைச் சொல்ல இதைவிட்டால் வேளை கிடைக்காது என்று நானும் பின்னாலேயே போனேன்.

ஜெனரேட்டர் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட். இரண்டு இரண்டாக வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, ஓங்கரிக்கிறது, அதையும் அடக்கிக்கொண்டு முழுங்குகிறார். மோட்டார் பம்ப் இழுப்பதைப் போலத் தொண்டை ஏறி இறங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு காலைப் பொழுது வாயைக் கட்டத் தெரியாதா உங்களுக்கு? வீடே உங்க வயித்தைச் சுத்தித்தானே ஓடிக்கிட்டு இருக்கு! வெக்கமா இல்ல?"

அவர் பதில் சொல்ல முயன்றார். முதலில் பிஸ்கட் தூள்தான் வந்தது. இருமி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பர் நல்லா வந்துட்டா?" என்றார்.

"வரட்டுமே! நல்லதுதானே?"

"நல்லா வந்துட்டா உன்னை அனுப்பிடுவாங்க. அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. குறை என்கிட்டன்னு இருந்தா உனக்கு அவங்க கையால காபி வருது. அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

நான் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். பிஸ்கட்டைப் பார்த்தாலே மாடிக்கு ஓடுகிற மனிதர். தன் ரத்தத்தில் இருக்கிற ஆண்மையை, கிரீம் தடவி, இரண்டு இரண்டாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறு எந்தப் புருஷனாவது பெண்டாட்டிக்கு இப்படியொன்றைச் செய்திருப்பானா என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவர் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கினேன்.

"லூசாங்க நீங்க? குறைவா வந்தா ஊசி போடறாங்க. ஊசி போட்டா இருக்கறதும் நின்னு போயிடுமாம். டாக்டர் சொன்னாங்க. அப்புறம் நமக்குன்னு ஒண்ணு பொறக்கவே பொறக்காது."

அவர் முகம் வெளுத்தது. "ஊசிதானே, குத்திட்டுப் போகட்டும்னு நெனச்சேன்" என்றார், வாயோரத்தில் கிரீமோடு. துப்பட்டாவால் துடைத்துவிட்டேன்.

முன்பக்கம் வந்ததும் மாமனார் தயாராக இருந்தார். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பார்க்க, எடைக்கருவியைத் தரையில் வைத்து மகனை ஏற்றினார். குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, ஏமாற்றிய லாரி டிரைவரைப் பார்ப்பதுபோல மகனைப் பார்த்தார்.

"சரக்கு ஏறியிருக்கு."

"ஆமாப்பா. சாப்பிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். எடைக்கருவியில் நின்றபடியே அம்மா பக்கம் திரும்பினார். "வேணும்னேதான் சாப்பிட்டேன். நம்பர் நல்லா வந்தா இவளை அனுப்பிடுவீங்க. இவ போனா நானும் கூடவே போயிடுவேன். இப்போவே சொல்லிட்டேன்."

வரிசை மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் வாயைத் திறந்தார், மூடினார். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார். ரத்தம் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினோம். அன்று ராத்திரி மாமனார் நாற்காலி போடவில்லை. ஜிம்காரர் வந்து மணி அடித்தபோது மாமியாரே எழுந்து போய் கதவைப் பாதி திறந்து, "ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், போயிட்டு வாப்பா" என்று சொல்லிச் சாத்தினார். மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். விந்தணுச் சோதனைக்கும் அவர் சாம்பிள் கொடுத்தார்.

முடிவு கேட்க வேண்டிய நாளில் மாமியார் நானும் வருவேன் என்று முன்னால் வந்து நின்றார். மகன் பேசியதை அவர் மறக்கவில்லை. ஆனால் குற்றவாளி யாரென்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. டாக்டரம்மா அறையில் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அவரோட நம்பர் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "விந்தணுவும் நல்லா இருக்கு."

 வீட்டுக்காரர் மேசைக்கடியில் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இவகிட்டதான்" என்றார் மாமியார்.

"இல்லம்மா. இவங்களுக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அது எப்படி? ரெண்டு பேரும் சரியா இருந்தா குழந்தை வந்திருக்கணுமே?"

"சில பேருக்கு ஏன்னு சொல்ல முடியறதில்லம்மா. தேடித் தேடிப் பாத்தாலும் காரணம் கிடைக்காது. வரலாம், தானாவே வரலாம். அடுத்து வைத்தியமும் இருக்கு. ஆனா குறை யார்கிட்டன்னு கேட்டா, யார்கிட்டயும் இல்ல."

மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். லிஃப்டைத் தவிர்த்து மாடிப்படியில் இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். முதல் திருப்பத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கக் கீழே ஓடினார்.

"இவங்கெல்லாம் ஒரு டாக்டரா" என்றார் மாமியார். "ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. ஆஸ்பத்திரியா இது! படியைப் பாரு, எவ்வளவு அழுக்கு." பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த முகம் பழக்கம், அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். காத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

"நான் யாரைத்தான்டி திட்டுறது?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அந்த மனுஷி அழுது நான் பார்த்ததே இல்லை. எப்படி அழுவது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை, விக்கல் மாதிரி வந்தது. "மூணு வருஷமா உன்மேல கோவப்பட்டே ஓட்டிட்டேன். இனிமே நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு பேரப்புள்ளயத் தூக்கணும்டி. அவ்வளவுதான்டி வேணும் எனக்கு."

கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கும் வேணும் அத்தை."

அவர் அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குழந்தை எனக்கும் வேண்டியிருந்திருக்கும் என்பது அந்தப் படியில்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்தேன், எனக்கும் அழுகை வந்தது. படி ஏறி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.